இரும்புச்சத்துப் பொய்

வியாழக்கிழமை வந்தாலே ரக்னா ஒளிந்து ஒளிந்துதான் நடப்பாள்.

சுகாதார நிலையத்தின் வாசலில் தாராளமாக இடம் இருந்தது. இருந்தும் இரண்டு தெரு தள்ளி, மூடிக் கிடந்த ஒரு பூக்கடை ஓரமாகத்தான் காரை நிறுத்தினாள். மார்ச் மாதத்து யேவ்லே நகரம் பாதி பனியும் பாதி சேறுமாகக் கிடந்தது. கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டு, தெரிந்த முகம் எதுவும் எதிரே வந்துவிடக் கூடாதே என்று சுவரோரமாக நடந்தாள்.

முப்பத்தோரு பேருக்கு மேலாளர் அவள். நகராட்சியின் முதியோர் வீட்டுப் பராமரிப்பில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். எந்தச் சிக்கல் வந்தாலும், "ரக்னா இருக்கா, பாத்துக்குவா" என்று மற்றவர்கள் நிம்மதியாகக் காபி குடிக்கப் போவார்கள்.

அப்பேர்ப்பட்ட ரக்னாதான் நான்கு வாரங்களுக்கு முன் சூப்பர் மார்க்கெட்டில், வங்கி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் நான்கு இலக்க எண் மறந்துபோய் நின்றாள். பத்து வருடமாக மாறாத எண். பின்னால் வரிசை நீண்டது. கல்லாவில் இருந்த பெண், "அவசரமே இல்ல, நிதானமா யோசிங்க" என்று சொன்னதுதான் தாமதம், ரக்னா அழ ஆரம்பித்தாள். அழுகை நிற்கவேயில்லை. அந்தப் பெண் உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "மன அழுத்தம். ஒரு நாள்ல வந்ததில்ல, வருஷக்கணக்கா சேந்தது. இப்ப உடம்பு உக்காந்துடுச்சு" என்றார். மூன்று மாத விடுப்பு. வாரம் ஒரு முறை குழுப் பயிற்சி.

வீட்டுக்கு வந்து கணவன் ஸ்டெல்லானிடம் அவள் சொன்னது வேறு.

"இரும்புச்சத்து கொறஞ்சிருக்காம். அதுக்குத்தான் லீவு குடுத்திருக்காங்க. வியாழக்கெழம தோறும் ஊசி போட்டுக்கணுமாம்."

ஸ்டெல்லான் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுப்பவன். சொன்னதைச் சொன்னபடி நம்புகிற சுபாவம். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், பன்றி ரத்தமும் மாவும் சேர்த்துச் செய்த ரத்தப் புட்டை வெண்ணெயில் வறுத்து, பக்கத்தில் லிங்கன்பெரி என்ற புளிப்புப் பழத்தின் ஜாம் வைத்து, "சாப்பிடு, இரும்பு ஏறும்" என்று எதிரே உட்கார்ந்துகொண்டான். அவளும் சாப்பிட்டாள். தட்டைக் காலி செய்யும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றும் சுகாதார நிலையத்தின் பயிற்சிக் கூடத்துக்கு வெளியே காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே போனாள். வட்டமாக எட்டு நாற்காலிகள். நடுவில் ஒரு மெழுகுவத்தி. பயிற்சியாளர் வெண்டெலா, யாரையும் திடுக்கிட வைக்காத மெல்லிய குரலில் வரவேற்றாள்.

ரக்னா வழக்கம்போல யோத்தேவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபது வயது பேருந்து ஓட்டுநர். ஆள் மலை மாதிரி இருப்பார். கோப்பையைப் பிடித்தால் கை நடுங்கும்.

"வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று கேட்டார் யோத்தே.

தினம் ஒரு வேலையைப் பாதியிலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். ரக்னா தாளை நீட்டினாள். 'செவ்வாய்: பாத்திரம் கழுவாமல் விட்டேன். புதன்: துணி மடிக்காமல் விட்டேன்.' ஒன்றுகூட உண்மையில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் காரில் உட்கார்ந்து எழுதியது. ஐம்பத்திரண்டு வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல.

"இன்னிக்கு நமக்கு ஒரு விருந்தாளி" என்றாள் வெண்டெலா. "ரெண்டு வருஷம் முன்னாடி இதே நாற்காலில உக்காந்திருந்தவங்க. அவங்க கதைய நம்மகிட்ட சொல்ல ஒத்துக்கிட்டாங்க."

கதவு திறந்தது. உள்ளே வந்தவளைப் பார்த்ததும் ரக்னாவுக்குக் கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது.

டீசா.

ஒன்பது வருடம் அவளுக்குக் கீழே வேலை பார்த்த டீசா நோர்லிங். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஒருமுறை வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். ரக்னாவிடம் வந்ததும் பார்வை ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வயசானவங்க வீட்டுக்குப் போயி பாத்துக்கற வேலை எனக்கு" என்று ஆரம்பித்தாள். "ஒரு காலைல பதினோரு வீடு. ஒரு வீட்டுக்குப் பதினஞ்சு நிமிஷம். அதுக்குள்ள எழுப்பணும், கழுவணும், மாத்திரை குடுக்கணும், கஞ்சி ஊட்டணும். ஒரு கிழவர், எம்பத்தொம்பது வயசு, என் கையப் புடிச்சிக்கிட்டு 'செத்த நேரம் உக்காரேன்'னு கேப்பார். கைய உருவிக்கிட்டு ஓடுவேன். தூக்கத்துலகூட ஓடிட்டிருப்பேன்."

டீசா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டு தொடர்ந்தாள்.

"திடீர் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்க ஆரம்பிச்சுது. ஒரு திங்கக்கெழம கூட்டத்துல கையத் தூக்கினேன். ரெண்டு வீடு மட்டும் கொறச்சுக் குடுங்க, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுன்னு சொன்னேன். எங்க மேலாளர் சொன்னாங்க: 'எல்லாருக்கும்தான் அடிச்சுக்குது டீசா. அடிக்கலைன்னா வந்து சொல்லு.'"

டீசா தன் கைகளைப் பார்த்தபடி மேலே சொன்னாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறல. நானும் சேந்து சிரிச்சேன். மூணு வாரம் கழிச்சு ஒரு மாடிப்படில உக்காந்தவ, எழுந்திரிக்கல. ஒம்பது மாசம் வீட்ல கெடந்தேன்."

"எந்தக் கழுதை அது?" யோத்தேவின் குரல் உடைந்து வந்தது. "பேரச் சொல்லு. ஊர்ல நாலு பேருக்குத் தெரியட்டும்."

"பேரெல்லாம் எதுக்கு" என்றாள் டீசா.

யோத்தே ஆற்றாமையோடு ரக்னாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா?"

வட்டத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். இப்போதே சொல்லிவிடலாம் என்று ரக்னாவுக்குத் தோன்றியது. வாய் திறந்தது.

"ஆமா" என்றாள். "இருக்காங்க, அப்படியும் சில பேரு."

டீசா நிமிர்ந்து அவளை நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ரக்னா தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. ஒருவிதமான அயர்ச்சிதான் இருந்தது.

பிறகு எல்லோரும் விரிப்பில் மல்லாந்து படுத்தார்கள். வெண்டெலா நடந்தபடி பேசினாள். "எதிரே கரடி வந்தாலும், குறிப்பேட்டுல பதினோரு வீடு இருந்தாலும் உடம்புக்கு ஒண்ணுதான். ஓடத் தயாராயிடும். கரடி போயிட்டா உடம்பு ஆறிடும். பதினோரு வீடு மறுநாளும் வரும், அதனால ஆறறதுக்கு நேரமே கெடைக்காது. அந்த நேரத்த நாமதான் குடுக்கணும். மூச்ச இழுக்கறதவிட விடறது நீளமா இருக்கட்டும். நாலு எண்ணி இழுங்க. ஆறு எண்ணி விடுங்க."

ரக்னாவால் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அலுவலகக் கழிப்பறையில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு அவளுக்கும்தான் அடித்துக்கொண்டிருந்தது. தான் வெளியே சொல்லப் பயந்ததை இன்னொருத்தி கையைத் தூக்கிக் கேட்டுவிட்டாளே என்ற எரிச்சல்தான் அந்தக் கேலியாக வந்தது. அதோடு விட்டாளா? டீசா வேலையை விட்டபோது கொடுத்த சான்றுக் கடிதத்தில், 'அழுத்தத்தைத் தாங்கும் திறன் போதாது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

பயிற்சி முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தாள். ஆனால் காலணி மாட்டும் பெஞ்சில், மூச்சுப் பயிற்சிக்குத் தங்காத டீசா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"என் பேர ஏன் சொல்லல?" ரக்னா கேட்டாள். குரல் தனக்கே கேட்கவில்லை.

"சொல்லணும்னுதான் வாசல்வரைக்கும் நெனச்சேன்" என்றாள் டீசா, காலணிக் கயிற்றை முடிந்தபடி. "உள்ள வந்து உங்க மூஞ்சியப் பாத்தேன். எந்த நெலமைல இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. கீழ கெடக்கறவங்கள மிதிக்க எனக்கு வராது."

அதற்குள் வெளிக்கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தது. கூடவே ஸ்டெல்லான்.

"ரக்னா! கார் என்ன, பூக்கடை ஓரமா அனாதையாட்டம் நிக்குது?" தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மத்தியானம் வகுப்பு இல்ல. டாக்டர ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நாலு வாரமா ஊசி, புட்டு, எல்லாம் ஆச்சு. உன் மூஞ்சி இன்னும் சுண்ணாம்பாட்டம்தானே இருக்கு?" அப்போதுதான் டீசாவைப் பார்த்தான். "அட, டீசா! பாத்து எவ்வளவு நாளாச்சு! உனக்கும் இரும்புச்சத்தா?"

டீசா ரக்னாவைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான்.

"ஆமா" என்றாள். "எனக்கும் அதே ஊசிதான்."

கேலி செய்து துரத்தியவளுக்காக, துரத்தப்பட்டவள் பொய் சொல்கிறாள்! இதைவிட அந்த வட்டத்தில் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

"பொய்" என்றாள். "ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஸ்டெல்லான். எனக்கு இரும்பு நல்லாத்தான் இருக்கு. மன அழுத்தம்னு டாக்டர் சொன்னார். அதுக்குத்தான் இங்க வர்றேன். உன்கிட்ட நாலு வாரமாப் பொய் சொல்லிட்டிருந்தேன்."

ஸ்டெல்லான் வெளிக்கதவைச் சாத்தினான். பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தான். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு ரத்தப் புட்டு சின்ன வயசுலேந்தே ஆகாது" என்றான் கடைசியில். "வாசனை வந்தாலே கொமட்டும். மூக்கால மூச்சு விடாம வறுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் சிரிப்பேன்னு நெனச்சியா, ரக்னா? அதான் சொல்லலையா?"

"இல்ல. நீ சிரிக்க மாட்டே." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "நீ வந்து இதையே என்கிட்ட சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். அதனாலதான் வாய் வரல."

கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு யோத்தே வந்தார். மூவரையும் பார்த்துத் தயங்கினார். இந்த முறை ரக்னா தன்னை யோசிக்க விடவில்லை.

"யோத்தே, அந்தக் கழுதை நான்தான். டீசாவோட மேலாளர்."

அவர் பெரிய கை சுவரைப் பிடித்துக்கொண்டது. "நான் கேட்டப்ப ஆமான்னு சொன்னியே?"

"சொன்னேன்."

யோத்தே பூட்ஸை மாட்டினார். கொக்கி போட வெகுநேரம் ஆனது. "என்கிட்ட மட்டும் சொன்னா போதாது. அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

ரக்னா டீசாவின் பக்கம் திரும்பினாள். "டீசா, நான் அன்னிக்கு..."

"வேணாம்." டீசா எழுந்துவிட்டாள். "மன்னிப்பு இப்ப வேணாம். எனக்கு அதக் கேட்டுக்கற தெம்பு வர்றப்ப நானே சொல்றேன். அந்தக் கடிதத்த மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க. மூணு எடத்துல வேலை கேட்டேன். மூணு எடத்துலயும் அந்த ஒரு வரியப் படிச்சதும் பேச்சு மாறிடுது."

"இன்னிக்கே எழுதறேன்."

டீசா கதவில் கை வைத்தவள் நின்றாள். "ஹில்லவிகிட்ட பேசுங்க."

"எந்த... என் பொண்ணுகிட்டயா? அவளோட உனக்கு இன்னும் பழக்கம் இருக்கா?"

"அந்தக் கோடைல உங்க பிரிவுல வேலை பாத்தாளே. அந்தக் கூட்டத்துலயும் இருந்தா. சிரிக்காத ஒரே ஆள் அவதான். நான் படுத்ததும் சூப்பு எடுத்துக்கிட்டு வந்தா. இப்பவும் மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வர்றா."

"யேவ்லேக்கா?"

ரக்னாவும் ஸ்டெல்லானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்சாலாவில் சட்டம் படிக்கும் மகள் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பரீட்சை, படிப்பு, நேரமே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு அவளுக்கு?" ஸ்டெல்லான் எழுந்துவிட்டான்.

"அவதான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீசா சேற்றுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

காரிலிருந்தே ரக்னா மகளை அழைத்தாள். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

கைகளைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரிக்குள் எழுத்துகள் நீந்த ஆரம்பித்தன. ஒரு காலத்தில் நாற்பது பக்க அறிக்கையை ஒரே மூச்சில் படித்தவள்.

"நீ சொல்லு, நான் எழுதறேன்" என்று ஸ்டெல்லான் பேனாவை வாங்கிக்கொண்டான். மரத்தில் கோடு போடுகிறவனின் கட்டம் கட்டமான எழுத்து.

அவள் சொன்னாள். முன்பு கொடுத்த கடிதம் தவறானது என்று. டீசா நோர்லிங் ஒன்பது வருடத்தில் ஒரு வீட்டைக்கூடத் தவறவிட்டதில்லை என்று. யாராலும் தாங்க முடியாதபடி வேலையைப் பிரித்துக் கொடுத்தவள் தான்தான் என்று. குறைத்துத் தரும்படி அவள் கேட்டபோது, எல்லோர் முன்னாலும் அவளைக் கேலி செய்ததாக.

பேனா நின்றது. "என்ன கேலி?"

ரக்னா முணுமுணுத்தாள்.

"கேக்கல."

இரண்டாவது முறை, சமையலறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஸ்டெல்லான் அவளைப் பார்க்காமல் எழுதினான். அவன் பார்க்காதது அவளுக்கு உதவியாகவும் இருந்தது, வலியாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது தொலைபேசி அடித்தது.

"என்னம்மா? இத்தனை தடவை கூப்ட்டிருக்க? அப்பாவுக்கு ஏதாவது?" ஹில்லவியின் குரல் தூங்கி எழுந்தவள் குரல்போல இருந்தது. மணி நான்கு.

"அப்பா நல்லாருக்கார். நான்தான் நல்லால்ல." ரக்னா நின்றுகொண்டே பேசினாள். "நாலு வாரமா விடுப்புல இருக்கேன், கண்ணு. மன அழுத்தம். உங்கப்பாகிட்டகூட மறச்சு வெச்சிருந்தேன். இன்னிக்கு டீசாவப் பாத்தேன்."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"நீயா?" என்றாள் ஹில்லவி. "உனக்கா?"

"எனக்குத்தான்."

"டீசா சொல்லிட்டாளா?"

"ஒண்ணுமே சொல்லல. நீதான் சொல்லணும்னா."

மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. பிறகு வார்த்தைகள் மொத்தமாக வந்து விழுந்தன. "ஜனவரிலேந்து நான் வகுப்புக்கே போகலம்மா. காலைல கட்டில்லேந்து கால கீழ வெக்கவே ஒரு மணி நேரம் ஆவுது. புஸ்தகத்தத் தொறந்தா எழுத்து ஓடுது. உன்கிட்ட எப்படிச் சொல்றது? டீசாகிட்ட நீ சொன்னத நான் உனக்கு மூணாவது நாற்காலில உக்காந்து கேட்டுட்டிருந்தேன். என்னைய என்ன சொல்லுவியோன்னு..."

ரக்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லான் அவள் முதுகில் கை வைத்தான்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்."

"நாலே முக்காலுக்கு ஒரு ரயில் இருக்கு. வரட்டுமா?"

வரட்டுமா! பெற்ற மகள், பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்கிறாள். இருபத்து மூன்று வருடமாக அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பது அந்த ஒரு வார்த்தையில் ரக்னாவுக்கு விளங்கிவிட்டது.

"வா" என்றாள். "உடனே வா."

ரயில் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து ஹில்லவி இறங்கினாள். இளைத்திருந்தாள். முடி வாரவில்லை. இரண்டு கைகளிலும் இரண்டு பெரிய பெட்டிகள்.

இரண்டு நாள் தங்க வருகிறவள் கொண்டுவரும் பெட்டிகள் அல்ல அவை. 'மே மாசம் பரீட்சை இருக்கே?' என்ற கேள்வி பழைய வேகத்தோடு ரக்னாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

ஹில்லவி முதலில் அப்பாவைத்தான் கட்டிக்கொண்டாள். பிறகு அம்மாவின் எதிரே வந்து நின்றாள். இருவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மகள்தான் குனிந்து நெற்றியை ரக்னாவின் தோளில் வைத்தாள்.

"எனக்கு உன்னைப் பாக்கவே கூச்சமா இருக்கு" என்றாள் ரக்னா.

"எனக்கும்தான்."

ஸ்டெல்லான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தான். அவன் தள்ளிப் போகும்வரை காத்திருந்து ஹில்லவி தணிந்த குரலில் சொன்னாள்: "ரூம காலி பண்ணிட்டேன். ஆனா காரணம் படிப்பு மட்டும் இல்லம்மா. இன்னொண்ணு இருக்கு. டீசாவுக்கும் தெரியாது. அப்பா எதிர்ல வேணாம்."

பழைய ரக்னாவாக இருந்தால் அந்த நடைமேடையிலேயே நிறுத்தி, என்ன, ஏது, எப்போது என்று கேட்டு வாங்கியிருப்பாள்.

"நீயா சொல்ற வரைக்கும் நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மகளின் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது, அந்த வார்த்தையை ஓர் இரவாவது தன்னால் காப்பாற்ற முடியுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.